மேசை மேல் ஒற்றைத் தடம்: அயர்லாந்து ரயிலைக் கட்டப் போய்க் கிராசிங்கில் மாட்டிக்கொண்டேன்

தண்டவாளன் | ஞாயிறு, இரவு 9.50

ஆறு மாதமாக இந்த மாடல் ரயில் மன்றத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலைமை.

டப்ளினில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஒரு சின்ன அறை, 3.2 மீட்டருக்கு 2.1 மீட்டர். துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கு ஒரு மூலையை விட்டுக்கொடுத்தது போக, மீதியில் வெலிங்டன்பிரிட்ஜ் நிலையத்தின் மாடலைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில், ராஸ்லேரிலிருந்து வாட்டர்ஃபோர்ட் போகும் ஒற்றைத் தடத்தில் இருக்கிற ஊர். ஆட்கள் ஏறி இறங்கியதைவிட சர்க்கரை பீட் ஏற்றியதற்குத்தான் பேர்போனது. இலையுதிர் காலத்தில் அறுவடை தொடங்கினால் ஜனவரி வரை வாட்டர்ஃபோர்ட், லிமரிக் ஜங்ஷன் வழியாக மாலோ சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியாகப் போகும். 2006ல் ஆலை மூடியது. 2010 செப்டம்பரில் பயணிகள் ரயிலும் நின்றது.

நான் எடுத்துக்கொண்டது 1990கள். 071 வகை டீசல் ஒன்று, 141 வகை இரண்டு, மூன்றும் மர்பி மாடல்ஸ் செய்தவை. பீட் வேகன்கள் ரெசின் கிட். அந்த வேகனே ஒரு வேடிக்கைதான்: ஒரு பெட்டியின் தலையில் இன்னொரு பெட்டியை வைத்து உயர்த்தியிருப்பார்கள், டிபன் கேரியர் மாதிரி. சரக்குக்குக் கடுகு போடுகிறேன். நம் அளவில், அதாவது 76ல் ஒரு பங்கில், ஒரு பீட் கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரும். கடுகு அச்சாகப் பொருந்துகிறது. மேலே மண் நிறம் அடித்தால் முடிந்தது.

இரண்டு சந்தேகம்.

முதலாவது, கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம். அயர்லாந்து தடம் 1600 மிமீ. கடையில் கிடைக்கும் 16.5 மிமீ தடத்தில் ஓட்டினால் பார்க்க ஒல்லியாக இருக்கிறதே, என்ன செய்கிறீர்கள்?

இரண்டாவதுதான் தலைவலி. அறையைச் சுற்றி ஒற்றைத் தடம், இரண்டு முனையிலும் மறைவாக வண்டிகள் நிற்கும் யார்டு, நடுவில் வெலிங்டன்பிரிட்ஜில் மட்டும் கிராசிங், அதாவது எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் பக்கத் தடம். 10 விநாடியை ஒரு நிமிடமாக எண்ணும் கடிகாரம் வைத்து எட்டு வண்டிக்கு டைம்டேபிள் போட்டேன். முதல் வண்டி மூன்று நிமிடம் பிந்தினால் எட்டாவது வண்டி இருபது நிமிடம் பிந்துகிறது. தப்பு என் டைம்டேபிளிலா, இல்லை ஒற்றைத் தடம் என்றாலே இப்படித்தானா? நிஜமாக இந்த நாட்டில் தினமும் ரயிலில் போகிறவர்களும் சொல்லுங்கள்.


குமிழிவேகன் | ஞாயிறு, இரவு 10.35

வாங்க வாங்க. பீட் வண்டி கட்டும் இன்னொரு தமிழன் இந்தத் தீவில் இருப்பான் என்று நான் நினைக்கவே இல்லை. நான் இருப்பது கார்க் நகரம். என் பெயர்க் காரணம் தெரிந்திருக்கும்: சிமெண்ட் ஏற்றிய அந்த உருண்டைத் தொட்டி வேகன்கள். ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் வெளியிட்டபோது நான்கு போதும் என்று ஆரம்பித்தேன். இப்போது பதினெட்டு. வீட்டில் பன்னிரண்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேஜ் விஷயம். 16.5 மிமீயை 76.2ஆல் பெருக்கிப் பாருங்கள், 1257 மிமீ வரும். நிஜத்தில் 1600. ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே இடிக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். சரியாகச் செய்ய வேண்டுமானால் 21 மிமீ தடம். ஆனால் எல்லா வண்டிக்கும் சக்கரம் மாற்ற வேண்டும், தடம் பிரியும் ஒவ்வொரு பாயிண்டையும் கையால் செய்ய வேண்டும். இங்கே ஓரிருவர் செய்கிறார்கள், கும்பிடுகிறேன். எனக்கு அந்த ஆயுள் இல்லை. 16.5லேயே இருங்கள். ஸ்லீப்பர்களை மட்டும் வெட்டி இடைவெளி விட்டுப் பரப்புங்கள், ஜல்லியை ஓரம் வரை நன்றாக இழுத்துப் போடுங்கள். பாதிக் கண்ணை அதுவே ஏமாற்றிவிடும்.

இந்த 1600 எப்படி வந்தது என்பது நல்ல கதை. 1834ல் திறந்த டப்ளின் - கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலம். வடக்கே அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2. டப்ளினிலிருந்து டிராஹெடா போகக் கிளம்பிய கம்பெனி 5 அடி 2. அடித்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துக்கு வந்த பாஸ்லி என்ற ராணுவ அதிகாரி எல்லாரையும் விசாரித்துவிட்டு 5 அடி 3 என்று தீர்ப்புச் சொன்னார். மூவரில் ஒருவரிடமும் இல்லாத அகலம்! 1846ல் அதுவே சட்டம். எல்லோருக்கும் நஷ்டம் என்றால் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார் போல. ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும், பிரேசிலும் இதே அகலத்தைப் பிடித்துக்கொண்டன.

டைம்டேபிள் எனக்குத் தெரியாத வித்தை. பொன்மலை ஐயா வருவார்.


பொன்மலை | திங்கள், காலை 6.10

வந்துவிட்டேன். திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஆரம்பித்து, பின்பு லைனுக்குப் போய் ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு வந்து தங்கும்போதெல்லாம் இங்கே எட்டிப் பார்ப்பேன். நம் ஊர் அகலப் பாதையைவிட இவர்கள் பாதை மூன்று அங்குலம் குறைவு, மற்றபடி ரயில் ரயில்தான்.

தண்டவாளன் தம்பி, உங்கள் டைம்டேபிளில் தப்பு இருக்காது. கிராசிங் வைத்த இடத்தில்தான் தப்பு. நீங்கள் அதை எங்கே வைத்தீர்கள்? தூரத்தில் நடுவில் வைத்திருப்பீர்கள். எல்லோரும் செய்வது அதுதான். கிராசிங்கை நேரத்தில் நடுவில் வைக்க வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரு பக்கம் 4 நிமிடம், இன்னொரு பக்கம் வளைவும் ஏற்றமும் சேர்ந்து 9 நிமிடம் என்று வையுங்கள். தடத்தில் எத்தனை வண்டி விடலாம் என்பதை அந்த 9தான் முடிவு செய்யும். 4 நிமிடப் பக்கம் சும்மா காத்துக் கிடக்கும். கிராசிங்கைத் தள்ளி வைத்து இரண்டும் ஆறரை ஆறரை என்று ஆக்கினால் அதே தடம், அதே வண்டி, கூடுதலாக ஓடும்.

அடுத்தது கிராசிங் பாதையின் நீளம். உங்கள் பீட் வண்டி அதில் முழுதாக அடங்குகிறதா? வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் கிராசிங் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கடைசியாக, திரும்பும் நேரம். வண்டி முனைக்குப் போய்ச் சேர்ந்ததும் உடனே திருப்பி விடுகிறீர்கள் அல்லவா? அங்கே ஐந்தாறு நிமிடம் சும்மா நிற்க விடுங்கள். அந்தச் சும்மா நிற்கும் நேரம்தான் தாமதத்தை விழுங்கும். அதை வீண் என்று வெட்டுகிறவர்கள் மேசையிலும் இருக்கிறார்கள், ஆபீசிலும் இருந்தார்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கடுகை அப்படியே போடாதீர்கள். தண்ணீர் கலந்த பசை படுகிறது, ஈர அறை வேறு. முளைக்கும். வெறும் சட்டியில் வறுத்துவிட்டுப் போடுங்கள்.


லிஃபி_கரை | திங்கள், காலை 8.05

நான் மாடல் கட்டுகிறவன் இல்லை. டிராஹெடாவிலிருந்து தினமும் டப்ளின் வரை ரயிலில் போகிறவன், இப்போதும் ரயிலில் இருந்துதான் எழுதுகிறேன்.

பொன்மலை ஐயா சொன்னதை இந்த நாட்டு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். இரட்டைத் தடம் என்று சொல்லிக்கொள்ள டப்ளின் - கார்க், டப்ளின் - பெல்ஃபாஸ்ட் இரண்டும்தான் பெரிதாக உண்டு. கால்வே வண்டி போர்ட்டார்லிங்டனைத் தாண்டினால் 130 கிலோமீட்டருக்கு மேல் ஒற்றைத் தடம். ஸ்லைகோ வண்டிக்கு மேனூத்துக்கு மேற்கே ஒற்றை. டிரலி பக்கம் மாலோவிலிருந்து ஒற்றை. ராஸ்லேர் பக்கம் பிரேயிலிருந்து ஒற்றை, அதுவும் கடலை ஒட்டிய பாறையைக் குடைந்து. கால்வேக்குப் பக்கத்தில் ஓரன்மோரில் ஒரு கிராசிங் பாதையும் இரண்டாவது நடைமேடையும் போட வேலை எடுத்திருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் தடம் போட இவ்வளவு பேச்சா என்று நினைத்தேன், இந்த இழையைப் படித்த பிறகு புரிகிறது.

ஆனால் இரட்டைத் தடம் இருந்தாலும் எங்கள் வடக்குப் பக்கத்துக்கு விடிவு இல்லை. டார்ட் என்ற நகர மின்சார ரயில், புறநகர் வண்டி, பெல்ஃபாஸ்ட் போகும் எண்டர்பிரைஸ் விரைவு வண்டி மூன்றும் டப்ளின் கானலி நிலையத்திலிருந்து அதே இரண்டு தடத்தில். நிலையத்துக்கு நிலையம் நிற்கிற வண்டிக்குப் பின்னால் நிற்காமல் போகிற வண்டி. முந்த இடம் அதிகம் இல்லை. 2024 அக்டோபரில் எண்டர்பிரைஸ் மணிக்கு ஒன்று என்று ஆனது, பெல்ஃபாஸ்டில் கிராண்ட் சென்ட்ரல் என்ற புது நிலையமும் திறந்தது. நல்ல விஷயம்தான். தடம் மட்டும் கூடவில்லை.


கொடிகாமம் | திங்கள், மாலை 7.20

வணக்கம் எல்லோருக்கும். கால்வேயில் இருக்கிறேன், பிறந்தது தென்மராட்சி.

கேஜ், கிராசிங் எல்லாம் நீங்கள் கதைத்து முடியுங்கோ. நான் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். கார்க் வண்டியை இழுக்கிற 201 வகை எஞ்சின் இருக்கிறதல்லவா, ஆற்றுப் பெயர்கள் வைத்தது. கனடாவின் ஒன்டாரியோவில் லண்டன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டியது, மொத்தம் 34. முதல் எஞ்சினை 1994ல் அன்டோனோவ் விமானத்தில் ஏற்றிப் பறந்து கொண்டுவந்தார்கள். எங்கள் நாட்டுப் புகையிரதத்துக்குக் கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த எம்2 எஞ்சின்களும் அதே ஊரில் பிறந்தவைதான், 1954 தொடக்கம். அவற்றுக்கு அல்பேர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடா மாகாணப் பெயர்கள். பத்து வயதில் கொடிகாமம் ஸ்டேஷனில் கேட்ட உறுமல். இங்கே டப்ளின் ஹூஸ்டன் நிலையத்தில் முதல் தடவை 201 ஒன்று கிளம்பியபோது கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளே இருப்பது வேறு தலைமுறை எஞ்சின், சத்தம் அச்சாக ஒன்று இல்லை. ஆனால் குடும்பச் சாயல் தெரியும்.

அதனால் என்னுடைய மேசையில் காசு முழுக்க எஞ்சின் சத்தம் எழுப்பும் ஒலி டிகோடருக்குத்தான் போயிருக்கிறது. தடம் இன்னும் பலகையில் ஆணி அடித்தபடி கிடக்கிறது.

மூடின தடத்தைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்துக்கு 1990ல் நின்ற புகையிரதம் 2014 அக்டோபரில் திரும்ப வந்தது. தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டையும் இல்லை, எல்லாம் போரில் போயிருந்தது. புதிதாகப் போட்டார்கள். தண்டவாளன் தம்பியின் தடத்தில் தண்டவாளமாவது மிச்சம் இருக்கிறது.


பொன்மலை | திங்கள், இரவு 8.00

கொடிகாமம் தம்பி, எங்கள் ஊர் டபிள்யூடிபி-4 எஞ்சினும் 201ம் ஒரே 710 வகை எஞ்சின் குடும்பம். நம்முடையது 16 சிலிண்டர், இவர்களுடையது 12. காதை வைத்தே எண்ணிவிடலாம்.


சின்னரயில் | செவ்வாய், பகல் 1.15

நான் லிமரிக்கில் நர்ஸ். மகனுக்கு எட்டு வயது, ரயில் பைத்தியம். பிறந்த நாளுக்கு மாடல் ரயில் வேண்டுமாம். எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும்? இங்கே நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, பதினெட்டு வேகன் என்பது மட்டும் புரிந்து பயமாக இருக்கிறது.

ரயில் அனுபவம் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம், டப்ளினிலிருந்து வேலைக்குச் சேர லிமரிக் வருகிறேன். லிமரிக் ஜங்ஷன் என்று பலகை பார்த்ததும் இரண்டு பெட்டியோடு இறங்கி, வாசலைத் தாண்டி வெளியே வந்து டாக்ஸி தேடினேன். எதிரே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. எதிர் மேடையில் லிமரிக் வண்டி எனக்காக நின்றது, அதையும் விட்டேன். ஜங்ஷன் இருப்பது டிப்பரரி மாவட்டமாம்! தப்பு முழுக்க என்னுடையதுதான், அறிவிப்பில் தெளிவாகத்தான் சொன்னார்கள். எனக்கு அந்த உச்சரிப்பு பிடிபட ஒரு வருடம் ஆனது.


குமிழிவேகன் | செவ்வாய், மாலை 6.40

சகோதரி, அந்த மாட்டை இந்த நாட்டில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

லிமரிக் ஜங்ஷன் மாடல்காரர்களுக்குப் பொக்கிஷம். கார்க் தடமும் வாட்டர்ஃபோர்ட் தடமும் கிட்டத்தட்ட செங்கோணத்தில், ஒரே மட்டத்தில், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். ஒரு காலத்தில் கார்க் வண்டிகள் நிலையத்தைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் தள்ளிக்கொண்டுதான் நடைமேடைக்கு வரும். கார்க் திசைக்கென்று தனி நடைமேடை 2019ல்தான் வந்தது. ஆனால் வாட்டர்ஃபோர்ட் கிளையைப் பாருங்கள்: திசைக்கு நாளைக்கு இரண்டு வண்டி, ஞாயிறு கிடையாது. அப்படி ஒரு டைம்டேபிளை வைத்துக்கொண்டு ஆள் வரவில்லை என்று சொன்னால் எப்படி வரும்?

மகனுக்கு: ஐரிஷ் எஞ்சினில் தொடங்காதீர்கள். புதுசு 200 யூரோவை ஒட்டி வரும், ஒலியோடு என்றால் இன்னும் மேலே. செகண்ட் ஹாண்டில் ஒரு பிரிட்டிஷ் வட்டப் பாதை செட் வாங்குங்கள், ஹார்ன்பி ஏதாவது ஒன்று. அதே 16.5 தடம், பிற்பாடு ஐரிஷ் வண்டி அதில் அப்படியே ஓடும். வளைவு மட்டும் இரண்டாம் வட்டம், ஆரம் 438 மிமீ, அதற்குக் குறையக் கூடாது. நீளமான எஞ்சின் சிறிய வட்டத்தில் கவிழும்.

பிரிட்டனிலிருந்து தபாலில் வாங்குவதாக இருந்தால் கணக்குப் பார்த்து வாங்குங்கள். 2021 தொடக்கத்தில் பிரெக்ஸிட் அமலுக்கு வந்த பிறகு 23 சதவீத வாட் வரி, சில பொருளுக்கு அதன் மேல் சுங்கம். வட அயர்லாந்துக்கு விதி வேறு, நியூரி வரை காரில் போய் வரும் நண்பர்கள் எனக்கு உண்டு. கடல் தாண்டி எனக்கு வந்த ஒரு பார்சலில், கடைப் பெயர் வேண்டாம், வேகன் ஒரு பக்கம், பஃபர் நான்கும் தனியாகப் பையின் அடியில். திருப்பி அனுப்பினால் சுங்கப் படிவம் இன்னொரு முறை. பசை போட்டு ஒட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.


தண்டவாளன் | செவ்வாய், இரவு 10.10

சின்னரயில் அக்கா, வாங்குவதற்கு முன்னால் மகனை மாலஹைட் கூட்டிப் போங்கள். கூரை வேய்ந்த பழைய மாளிகை ஒன்றில் கசீனோ மாடல் ரயில்வே மியூசியம், 2020ல் திறந்தது. சிரில் ஃப்ரை என்ற, டப்ளின் இன்சிகோர் ரயில் ஒர்க்‌ஷாப் எஞ்சினியர் பல வருடம் வீட்டில் உட்கார்ந்து கையால் செய்த வண்டிகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 2010 வரை மாலஹைட் கோட்டையில் இருந்தவை. நான் இரண்டு மணி நேரம் நின்றேன். அதே ஒர்க்‌ஷாப்பில் பகலில் நிஜ ரயிலைப் பார்த்துவிட்டு வந்து, இரவில் அதையே சின்னதாகச் செய்திருக்கிறார் மனிதர். பொன்மலை ஐயாவுக்கு இதில் என்ன சொல்ல இருக்கும் என்று தெரியவில்லை.

ஐயா, கிராசிங் இடம் பற்றி நீங்கள் சொன்னது சரி. தூரத்தில் நடுவில்தான் வைத்திருந்தேன். நேரம் எடுத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் 5, மறுபக்கம் 9. பலகையை அறுக்க வேண்டும். வார இறுதி.

கடுகு விஷயத்தை மட்டும் தாமதமாகப் படித்தேன். ஞாயிறு இரவே ஆறு வேகனுக்கு ஒட்டி முடித்துவிட்டேன். மேலே பெயிண்ட் அடித்திருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன்.


லிஃபி_கரை | புதன், காலை 8.10

குமிழிவேகன் வாட்டர்ஃபோர்ட் கிளையைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். தண்டவாளனின் தடத்தில் கடைசிக் காலத்தில் திசைக்கு நாளைக்கு ஒரே வண்டி. காலையில் வாட்டர்ஃபோர்ட் போகும், மாலையில் திரும்பும். ஆள் இல்லை என்று மூடினார்கள். சரி, வண்டியை நாலாக்கியிருந்தால் கூட்டம் வந்திருக்குமா? அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் கார் இருக்கிறது. மாடல் கட்டுகிறவர்களுக்குப் பழைய தடம் எல்லாம் திரும்ப வேண்டும் என்று ஆசை, அது இயல்பு. நான் தினமும் நிற்கிற நடைமேடையில் இருந்து பார்த்தால், காசு இருக்கிற இடத்தில் கூட்டம் இருக்கிற தடத்துக்குப் போகட்டும். 2021ல் ஆல்ஸ்டாம் கம்பெனிக்கு முதலில் 95 பெட்டி ஆர்டர் கொடுத்தார்கள், அதில் 65 பேட்டரியிலும் ஓடுபவை. மின்கம்பி மாலஹைடோடு நிற்கிறது, அங்கிருந்து டிராஹெடா வரை பேட்டரி. முதல் தொடர் 2024ல் வந்து இறங்கியது. இந்த மாதிரிச் செலவுதான் ஆயிரக்கணக்கான பேருக்கு உதவும். யாரும் இறங்காத ஊருக்கு ரயில் விடுவது அல்ல.


குமிழிவேகன் | புதன், மாலை 7.30

லிஃபி_கரை சொன்னது: "யாரும் இறங்காத ஊருக்கு ரயில் விடுவது அல்ல."

இதே வார்த்தையைத்தான் 1958லும் சொன்னார்கள். டப்ளின் ஹார்கோர்ட் தெரு தடத்தை அந்த ஆண்டு டிசம்பர் 31ல் மூடினார்கள். 2004 ஜூனில் அதே தடத்தின் மேல் லுவாஸ் டிராமின் பச்சை வழி ஓடியது, இப்போது காலையில் அதில் கால் வைக்க இடம் கிடைக்கிறதா பாருங்கள். டானிகாலில் குறும்பாதை ரயில் 1959ன் கடைசி நாளில் நின்றது. இன்றைக்கு டானிகால், கேவன், மானஹன் மூன்று மாவட்டத்திலும் பயணிகள் ரயில் கிடையாது. எல்லைக்கு வடக்கே டைரோன், ஃபெர்மனா அதே கதை. 1920ல் இந்தத் தீவில் ஏறக்குறைய 5,500 கிமீ ரயில் பாதை இருந்தது, மிச்சம் இருப்பது பாதிக்கும் குறைவு. அத்தனையும் வெறும் ஏக்கத்தில் பேசுகிற பேச்சு இல்லை.

கார்க்கிலிருந்து கால்வே போக டப்ளினைச் சுற்றாமல் ஒரு வழி இருக்கிறது: லிமரிக் ஜங்ஷனில் ஒரு மாற்றம், லிமரிக்கில் இன்னொரு மாற்றம். அதுவும் என்னிஸ் - ஏதன்ரை தடத்தை 2010ல் திரும்பத் திறந்ததால். ஏதன்ரையிலிருந்து வடக்கே கிளேர்மாரிஸ் வரை புதர் மூடிக் கிடக்கிறது, சைக்கிள் பாதை போடலாமா ரயில் விடலாமா என்று பல வருடச் சண்டை. எல்லா ரோடும் டப்ளின், எல்லா ரயிலும் டப்ளின் என்றால் டப்ளினில் வீட்டு வாடகை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.


லிஃபி_கரை | புதன், இரவு 9.00

வாடகையை இழுத்தது அநியாயம். ஆனால் சரி, அடிபட்டது.

ஹார்கோர்ட் தெரு நகரத்துக்குள் இருந்த தடம், நகரம் வளர்ந்து அதை மூடிக்கொண்டது. வெலிங்டன்பிரிட்ஜைச் சுற்றி அப்படி வளருமா? 2024 ஜூலையில் வந்த தீவு முழுமைக்குமான ரயில் திட்ட அறிக்கையைப் படித்தேன். 2050 வரைக்கும் 36.8 பில்லியன் யூரோ. மின்மயம், முக்கியத் தடங்களில் 200 கிமீ வேகம், டெரிக்குப் போர்ட்டடவுன் வழியாகத் தடம், லெட்டர்கென்னிக்கு ஒன்று, கிளேர்மாரிஸ், எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் போடக் காசு ஆகாது.


தண்டவாளன் | புதன், இரவு 9.25

அதே பட்டியலில் வாட்டர்ஃபோர்டுக்கும் வெக்ஸ்ஃபோர்டுக்கும் நடுவில் என் தடமும் இருக்கிறது! அதைப் பார்த்த அன்று மனைவியை எழுப்பிச் சொன்னேன். திட்டு வாங்கினேன்.


பொன்மலை | வியாழன், காலை 5.50

இருவரும் வேகத்தைப் பற்றியும் ஊரைப் பற்றியும் பேசுகிறீர்கள். டப்ளின் - கார்க் 266 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், மணிக்கு ஒரு வண்டி. மகளுக்கு இது மெதுவாம், சாலையில் போனாலும் அதே நேரம்தான் என்கிறாள். எனக்கு அந்த "மணிக்கு ஒரு வண்டி"தான் பெரிதாகத் தெரிகிறது. விட்டால் அடுத்தது வரும் என்று தெரிந்தால் மனிதன் கடிகாரத்தைப் பார்க்க மாட்டான். வாட்டர்ஃபோர்ட் கிளையில் காலை வண்டியை விட்டால் சாயங்காலம்தான். அங்கே 200 கிமீ வேகத்தில் விட்டாலும் ஏற மாட்டான். முதலில் கிராசிங் போடுங்கள், வண்டியைக் கூட்டுங்கள், அப்புறம் வேகம். மேசை மேல் தம்பி செய்கிற வேலையும் அந்த வரிசையில்தான் போகிறது.

சிரில் ஃப்ரை பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் அப்படி ஒருவர் இருந்தார். பித்தளைக் கழிவில் சாப்பாட்டு நேரத்தில் நீராவி எஞ்சின் செய்வார். ஓய்வு பெற்ற அன்று அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார். இப்போது எங்கே இருக்கிறதோ.


கொடிகாமம் | வியாழன், இரவு 8.45

போன கிழமை டப்ளின் போக இருக்கை பதிந்தேன். இருக்கைக்கு மேலே சின்னப் பலகையில் பயணியின் பெயர் ஒளிரும் அல்லவா, என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இடம் போதாமல் பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்த ஐரிஷ் அம்மா மிச்சத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அத்லோன் வரும்வரை பழகினார், கடைசியில் சரியாகச் சொன்னார். இந்த நாட்டு ரயிலில் எனக்குப் பிடித்தது இதுதான்.


சின்னரயில் | ஞாயிறு, மாலை 5.30

மாலஹைட் போய் வந்தோம். வரும் வழியில் டப்ளினுக்குள் டார்டிலிருந்து லுவாஸ் மாறி ஹூஸ்டன் வந்தோம். 90 நிமிடக் கட்டணம், எனக்கு 2 யூரோ, இரண்டு வண்டிக்கும் சேர்த்து. நம் ஊர் ஆட்டோக்காரரை நினைத்துக்கொண்டேன். மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம். வட்டப் பாதை செட் ஒன்று செகண்ட் ஹாண்டில் பேசி வைத்திருக்கிறேன். இரண்டாம் வட்டம்தானா என்று கேட்டேன், விற்கிறவர் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.


தண்டவாளன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.20

பலகையை அறுத்தாயிற்று. வெலிங்டன்பிரிட்ஜ் அறையின் மூலைப் பக்கமாக 60 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. துணி ஸ்டாண்டு வராந்தாவுக்குப் போய்விட்டது, அதற்கு ஈடாக நான் ஒப்புக்கொண்ட வீட்டு வேலைகளை இங்கே எழுத விரும்பவில்லை. இப்போது இரண்டு பக்கமும் ஏழு ஏழு நிமிடம். பீட் வண்டி, எஞ்சினோடு பதினொரு வேகன், கிராசிங்கில் முழுதாக அடங்குகிறது. பன்னிரண்டாவதைக் கழற்றிவிட்டேன். முனையில் ஐந்து நிமிடம் சும்மா நிற்க வைத்தேன். வேண்டுமென்றே முதல் வண்டியை மூன்று நிமிடம் பிந்தி விட்டுப் பார்த்தேன். நான்காவது வண்டியில் தாமதம் காணாமல் போனது. எட்டு வண்டி ஓடிய இடத்தில் பத்து ஓடுகிறது. ஐயா, உங்கள் பெயரில் ஒரு கைகாட்டி மரம் நட்டிருக்கிறேன்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. இரண்டு வேகனில் பச்சை தெரிகிறது.


பொன்மலை | திங்கள், காலை 5.40

சொன்னேன் அல்லவா.


குமிழிவேகன் | திங்கள், காலை 7.15

பீட் ஏற்றி அனுப்பினால் மாலோவில் கீரையாக இறங்கும் போல.


சின்னரயில் | திங்கள், பகல் 1.30

மகன் படத்தைப் பார்த்துவிட்டான். அந்த இரண்டு வேகனையும் பிடுங்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொல்கிறான்.


தண்டவாளன் | திங்கள், இரவு 9.05

பிடுங்கவில்லை. என் மனைவி காலையில் தண்ணீர் தெளிக்கிறாள்.